கடைவாயில் பால்

பிறந்ததிலிருந்து என் மகன் நாக்கில் ஒரு சொட்டுப் பால் பட்டதில்லை. குடலில் அடைப்பு. ஆபரேஷன் முடிந்து புண் ஆறும்வரை எல்லாச் சத்தும் ட்ரிப்ஸ் வழியாகத்தான். நான் என் பாலைப் பீய்ச்சி ஃப்ரீசரில் சேர்த்துவைத்துக் காத்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை அவன் கடைவாயில் பால் வழிந்திருந்தது. துணைக்கு வந்த அக்காவும் கைக்குழந்தைக்காரி.

"உன் பாலைக் கொடுத்தியா? கூடப் பிறந்தவதானா நீ?"

"நான் இந்த நாற்காலியவிட்டு எழுந்திருக்கவே இல்லடி."

நம்பவில்லை. அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நாளும் கடைவாயில் பால். நர்ஸ் அதைத் துடைத்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

புண் ஆறிவிட்டது, இனி தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் ஆசையாக மார்போடு அணைத்தேன்.

"முதல் தடவை. சப்பத் தெரியாது, அவசரப்படாதீங்க," என்றார் நர்ஸ்.

அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு வாய் சப்பினான், துப்பினான், என் முகத்தைப் பார்த்து வீறிட்டான். பிறகு அந்தக் காலி நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பினான். அழுகையை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.