ஐந்தாவது ஓட்டம்

"அடிச்சுச் சொல்றேன் சார், அந்த வெள்ளைத்தாய் வீட்டுச் சாமானையும் கொண்டாந்து நம்ம மிஷின்லதான் கழுவுதா!"

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் கேன்டீன் சூப்பர்வைசர் தனுஷ்கோடிக்குச் சந்தேகம் என்பது ஊறுகாய் மாதிரி. அது இல்லாமல் சோறு இறங்காது.

மேனேஜர் பொன்னுராஜ் நிமிர்ந்தார்.

அது தொண்ணூற்றாறு கோடை. மில் கிணறு வற்றி, சோழபுரத்திலிருந்து லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய தட்டு கழுவும் மிஷினோ, இருபது தட்டு வைத்தாலும் ஒற்றைத் தட்டு வைத்தாலும் அதே தண்ணீரைக் குடிக்கும், அதே கரண்டை இழுக்கும். கூடை நிறைந்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும், மீறினால் வேலை கிடையாது என்பது அதை ஓட்டும் வெள்ளைத்தாய்க்கு மேனேஜர் போட்ட உத்தரவு.

"எண்பது தட்டு சார். கூடைக்கு இருபது. நாலு ஓட்டத்துல முடியணும்லா? தினமும் அஞ்சாவதா ஒண்ணு ஓடுது. நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து உக்காந்தா கர்ருன்னு சத்தம் கேக்கு! தோள்ல ஒரு பெரிய பை வேற கொண்டு வாரா."

"மத்தியானம் நானே வாரேன்."

வந்தார். தொழிலாளர்களோடு வரிசையில் நின்று, தட்டு வாங்கிச் சாப்பிட்டார். தனுஷ்கோடி வழக்கம்போல் கடைசியாகச் சாப்பிட்டு எழுந்தார்.

நாலு ஓட்டம் முடிந்தது. மிஷின் ஓய்ந்தது. செத்த நேரத்தில் மறுபடியும் 'கர்ர்...'

"கேட்டியளா சார்!"

இருவரும் உள்ளே பாய்ந்தார்கள்.

"ஏட்டி, நிறுத்து!"

வெள்ளைத்தாய் பதறிப்போய் சுவிட்சை அணைத்தாள். தனுஷ்கோடி ஆணியில் தொங்கிய பையைப் பிடுங்கி உதறினார். ஒரு பழைய சேலை விழுந்தது.

"மாத்துச் சேலை அண்ணாச்சி. நனைஞ்ச சேலையோட ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல எப்படி..." அவள் குனிந்து சேலையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தச் சம்பளம்தான் கஞ்சி.

"அப்ப சாமான் உள்ளதான் இருக்கு!" என்று தனுஷ்கோடியே மூடியைத் தூக்கினார்.

ஆவி விலகியது. கூடையில் ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர்.

மேனேஜர் துண்டால் பிடித்துத் தட்டை எடுத்தார். விளிம்பில் பேர் வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தார்.

"த...னுஷ்...கோடி."

அவர் வெள்ளைத்தாயின் பக்கம் திரும்பினார்.

"இதை ஏம்மா தனியாப் போட்ட?"

வெள்ளைத்தாய் தயங்கினாள். "மிஷின் வந்த அன்னைக்கே அவிய சொல்லிட்டாவ சார். 'கண்டவன் தின்ன தட்டோட என் தட்டைச் சேத்துப் போடாத'ன்னு."

மேனேஜர் அந்தச் சூடான தட்டைத் தனுஷ்கோடியின் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நானும் கேன்டீன் தட்டுலதான் சாப்பிட்டேன், தனுஷ்கோடி."