காலடியில் குழாய்

சாயங்கால வெயில் கட்டில்கால் வரை வந்துவிட்டது. மூலையில் முனகும் ஆக்சிஜன் இயந்திரத்திலிருந்து தரையோடு ஊர்ந்து வரும் குழாய், ஏழு மாதக் கர்ப்பிணியின் மூக்கில் முடிகிறது. அவள் சாப்பிடாமல் தலையணைக்கடியில் ஒளித்த மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கணவன் எதிரே நிற்கிறான். "பிள்ளைக்கு ஆகாதுன்னு நீயா முடிவு பண்ணிட்டியா? உன் உடம்போட எதிர்ப்புச் சக்தியே உன் நுரையீரலை அரிச்சிட்டிருக்கு, அதை அடக்கத்தானே இந்த மாத்திரை. நீ மூச்சு விட்டாத்தானே அதுக்கு மூச்சு?" அவள் வயிற்றைப் பிடித்தபடி தரையையே பார்க்கிறாள். விரல் ஒன்று கீழே நீள்கிறது. செய்த தப்புக்குக் கூசித் தலை கவிழ்கிறாள் என்று நினைத்து அவன் குரலை உயர்த்துகிறான். அவள் உதடு நீலம் பாரித்த பிறகுதான் கீழே பார்க்கிறான். குழாய் அவன் குதிகாலுக்கடியில் நசுங்கிக் கிடக்கிறது. சட்டென்று காலைத் தூக்குகிறான். மூச்சு திரும்பியதும் அவள் மெல்லக் கேட்கிறாள்: "திட்டி முடிச்சிட்டீங்களா? மாத்திரையக் குடுங்க." தூக்கிய காலை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல் அவன் நிற்கிறான்.