மச்சான் பேரில் ஒரு கொட்டேஷன்

"மூணாவது வாட்டியும் திருப்பி அனுப்பிட்டான்டி உன் புள்ளை!"

துலுக்காணம் வீசிய கொட்டேஷன் பேப்பர் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"எனக்கு மட்டுமா புள்ளை?" என்றாள் பொன்னியம்மா.

சத்தியவேடு பக்கத்தில் துலுக்காணத்துக்குச் செங்கல் சூளை. கூலிக்குக் கல் அறுத்த மனுஷன், இன்றைக்கு முதலாளி. மகன் பிரவீன் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் புதுசாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். சிமெண்ட், கம்பி, ஜல்லி, யார் கொட்டேஷன் கொடுத்தாலும் ரெண்டே நாளில் பாஸாகிவிடும். பெற்ற அப்பனுடையது மட்டும் ஆகாது!

சூளையடியில் ரெண்டு லட்சம் கல் தேங்கிக் கிடந்தது. அது நகர்ந்தால்தான் அடுத்த சூளை போட இடம். அதற்குள் மழை வந்தால், அறுத்து வைத்த, இன்னும் சுடாத பச்சைக் கல் மொத்தமும் சேறாகிவிடும். மனுஷனுக்குத் தூக்கமே இல்லை.

ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில் ஒரே வார்த்தை: 'ரிவைஸ்.'

"திருத்தி எழுதிக் கொடுன்னு அர்த்தம்ணே" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

முதல் தடவை கையால் எழுதியதை டைப் அடித்தார். அடுத்த தடவை கலர் லெட்டர்ஹெட், மேலே வெங்கடாசலபதி படம். அதுவும் திரும்பி வந்தது. பெருமாளுக்கே அந்த மரியாதை!

"இன்னாடா திருத்தணும்? வாயைத் தொறந்து சொல்லேன்டா!" என்று மகனையே பிடித்தார்.

"மத்தவங்களுக்குச் சொல்லாததை உனக்கு மட்டும் எப்படி நைனா சொல்றது?"

ஆபீசுக்கே போனார். "சார் மீட்டிங்லோ உன்னாரு" என்று தெலுங்கில் சொல்லி செக்யூரிட்டி ஸ்டூலைக் காட்டினான். சார் மீட்டிங்கில் இருக்கிறாராம்!

"ஒருவேளை எதுனா எதிர்பாக்கிறானோ?" என்று பொன்னியம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் மகனின் டிபன் பையில் ஒரு கவரைச் செருகினார் துலுக்காணம். சாயங்காலம் தயிர்சோறு காலி. கவர் அப்படியே திரும்பியது.

கடைசியில் லாரி வைத்திருக்கும் மச்சான் அண்ணாதுரையைப் பிடித்தார். மச்சான் பேரில் புதுக் கொட்டேஷன், கூடவே சாம்பிளுக்கு நாலு கல்.

ஒரே நாள். பாஸ்!

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் துலுக்காணம் ஆரம்பித்தார்.

"பாத்தியாடி? அதே சூளை, அதே கல்லு. அண்ணாதுரைன்னு பேரு போட்டதும் ஆர்டர் வந்துச்சு. நைனான்னாத்தான் இவனுக்கு எளக்காரம்!"

பிரவீன் தலையை நிமிர்த்தவில்லை. "சாம்பிள் கல்லுல உன் சூளை முத்திரை அப்படியே இருந்துச்சு நைனா. உன்னுதுன்னு மேனேஜர்கிட்டயும் சொல்லித்தான் அனுப்பினேன்."

துலுக்காணத்துக்குப் புரை ஏறியது. "தெரிஞ்சேவா? அப்புறம் இன்னாத்துக்குடா என்னை மூணு வாட்டி அலைய வுட்டே?"

"மாமா பேருல கல்லு ஒண்ணு எவ்ளோன்னு போட்டே?"

"ஏழு ரூவா. வெளியாளுன்னா நியாயமா போட்டாத்தானேடா எடுப்பாங்க?"

"உன் பேருல எவ்ளோ போட்டே?" என்று கேட்டது பொன்னியம்மா.

துலுக்காணம் தண்ணீரைக் குடித்தார். சொம்பு காலியாகும்வரை குடித்தார்.

"பத்து ரூவா" என்றார். "பாக்கப்போறது பெத்த புள்ளைதானேன்னு..."