புதுத் தகரம்

"கேக்காமலே கூரை மாத்துறாங்க, மாதாவே!" என்று சவரியம்மா பூரித்துப் போனாள்.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. இலங்கை அரசாங்கம் அதை எடுத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடித்து, மழை வந்தால் வீடெல்லாம் சட்டி பானைதான். தோட்டத்தை நடத்திய பழைய தொரையிடம் கேட்டபோதெல்லாம், "அடுத்த வருஷம் பாப்போம்" என்பதே பதில்.

கணவன் சில்வெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தன காலம் கெஞ்சினோம். இப்ப என்ன திடீர்னு?"

"நல்லது நடந்தாலும் ஒங்களுக்குச் சந்தேகந்தான்."

தகரம் அடிக்க வந்த தச்சு பாஸ், அவள் நீட்டிய பிளேன்டீயை வாங்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. கடைசி ஆணியை அடித்ததும் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் லயத்து வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. பாயும் பானையுமாக இறங்கிய கிராமத்துப் பெண் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இனி ஒழுகாதுதானே, அக்கா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஒழுகாதும்மா. ஏன் கேக்கிறீங்க?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் ஆண்கள் பொல்லுத் தடிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வீட்ட எங்களுக்குக் குடுத்திருக்காங்க. ஒங்ககிட்ட யாரும் சொல்லலியா?" என்றாள்.

இருட்டுவதற்குள் மழை பிடித்தது. புதுத் தகரத்தில் அது விழும் சத்தத்தைச் சவரியம்மாவும் சில்வெஸ்டரும் ரோட்டில் நனைந்தபடி கேட்டார்கள்.