இடது கைக்கு ஒரு துப்பாக்கி

"இருக்கிறதுலயே சின்னத் துப்பாக்கி எதுங்க?"

தெரிந்த குரலாக இருக்கிறதே என்று பாலகுரு நிமிர்ந்தார். நிமிர்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கவுண்ட்டரில் நின்றது கார்மேகம். அவர் மேற்பார்வை பார்க்கும் கட்டிட சைட்டில் ட்ரில் மெஷின் பிடிப்பவன்.

மூன்று நாளைக்கு முன்னால் லீவு கேட்டு வந்தான். காரணம் எழுதியிருந்த வரியைக்கூடப் படிக்காமல், "லீவு மாஃபி, கிடையாது. போய் வேலையப் பாரு" என்று ஃபாரத்தைத் தூக்கி எறிந்தார் பாலகுரு. அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனான். அவன் போன விதம் அப்போதிருந்தே அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

பாலகுரு இந்தத் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வாராவாரம் வருகிறவர். இன்றைக்குச் சுட்டு முடித்துவிட்டு, தான் சுட்ட குறித்தாளை வாங்கிப் போக வரவேற்பறையில் காத்திருந்தார். அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவனுக்கு இங்கே என்ன வேலை?

கையிலிருந்த விளம்பரப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கவுண்ட்டரில் இருந்த கீழக்கரை ஃபவாஸ் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார்.

"இது நைன் எம்எம். நல்லா உதைக்கும்ணே. இது பாயிண்ட் டூ டூ. குண்டும் சின்னது, உதையும் கம்மி. புதுசா வர்றவங்க இதைத்தான் எடுப்பாங்க."

"இதையே குடுங்க. எவ்வளவு தூரத்துல சுடணும்?"

"இருபத்தஞ்சு மீட்டர்."

"அது போதும்."

ஃபாரத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்ட கார்மேகம், "இடது கையாலதாங்க சுடணும்" என்றான்.

"வலது கைக்காரர்தானே? முதல் தடவை வேற. எதுக்குண்ணே வம்பு?"

"இல்ல தம்பி, இடது கைதான். இன்னைக்கே தெரிஞ்சாகணும். நாளைக்கு வேலை இருக்கு."

நாளைக்கு! நாளை காலை ஆறு மணிக்கு சைட்டில் அவன் முன்னால் நிற்கப்போவது பாலகுருதான்.

கார்மேகம் உள்ளே போனதும் கேம்ப் பாஸுக்குப் போன் போட்டார்.

"ராஜிக், அந்தக் கார்மேகத்தோட கட்டில், பெட்டி எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க. அவனை ஊருக்கு அனுப்பிடணும். ஒரேயடியா. டிக்கெட் போடச் சொல்லி ஆபீசுக்கு நான் எழுதுறேன்."

"என்ன சார் ஆச்சு?"

"சுடப் பழகுறான்யா! யாரை? என்னையத்தான்."

சுவருக்கு அந்தப் பக்கம் வெடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் பாலகுருவின் தோள் குலுங்கியது. ஐந்தோடு நின்றது.

ஆபீசுக்கு அவர் போனில் மெயில் எழுதி முடிப்பதற்குள் கார்மேகம் வெளியே வந்து, பின்பக்க சோபாவில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹர்ஷினி, அப்பா சுட்டுட்டேன்த்தா."

"நெசமாவாப்பா? கை வலிச்சுதா?" பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"ஒண்ணுமில்ல. ஒன்னைய மாதிரியே இடது கையாலதான் சுட்டேன். எங்க ட்ரில் மெஷின் உலுக்குறதுல கால்வாசிகூட இல்ல. மொத சத்தத்துக்குத் திடுக்குங்கும், அப்புறம் பழகிரும். இத்தன நாளு காத்துத் துப்பாக்கியில மெடல் வாங்குனவளுக்கு இந்தக் குண்டுத் துப்பாக்கி ஒரு பயமா? நாளைக்கு செலக்சனுக்குப் போற. வரமாட்டேன்னு கோச் சாருகிட்ட சொல்லிராத."

"நீ பக்கத்துல நிக்கிறேன்னியேப்பா. லீவு தரலையா?"

பாலகுரு மூச்சை அடக்கிக்கொண்டார்.

"எங்க பாலகுரு சார் தங்கமான மனுசன்த்தா. அவருக்கு மேல எத்தனை பேரு இருக்காங்க. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

பேசி முடித்துவிட்டு, கடைசி பஸ் போய்விடுமோ என்று கார்மேகம் வாசலுக்கு ஓடினார்.

பாலகுரு எழுதியதை அழித்தார். மறுபடி ராஜிக்கைக் கூப்பிட்டார்.

"ராஜிக், அவர் பெட்டியத் தொடாதீங்க. ஊருக்கு டிக்கெட் மட்டும் பாருங்க. இன்னைக்கே. திரும்பி வர்ற டிக்கெட்டும் சேர்த்து. லீவு ஃபாரத்துல நான் கையெழுத்துப் போடுறேன்."

"அப்ப சுடப் பழகுறான்னீங்களே?"

"மகளுக்காகச் சுட்டுப் பாத்திருக்கார். போட்டியில சுடுற பொண்ணு."

"அட! அவன் சைட்ல ஒருத்தரை ஏறிட்டுப் பாத்துப் பேச மாட்டான் சார். அவனைப் போய்... உங்களுக்கு எப்படி சார் அப்படித் தோணிச்சு?"

பாலகுரு போனை வைத்துவிட்டார்.

ஃபவாஸ் சுருட்டிய தாளோடு வந்தார். "இந்தாங்க சார், உங்க தாள். இப்பப் போனாரே அந்த அண்ணன், ஆள் படமே வேண்டாம், வட்டம் போட்டதுதான் வேணும்னுட்டாரு. நீங்கதான் ஒரு வாரம்கூட வட்டம் கேட்டதில்ல."

பாலகுரு தாளைப் பிரித்தார்.

ஆள் படத்தின் முகத்தில், சுடுவதற்கு முன் அவரே பேனாவால் வரைந்த மூக்குக்கண்ணாடி, குறுந்தாடி. அச்சு அசலாக அவருடைய ஜெனரல் மேனேஜர். நெற்றியில் ஐந்து ஓட்டை.