ஹெல்மெட்டைக் கழட்ட வேண்டாம்

“ஏம்மா, ஹெல்மெட் போட்டவனை எப்படி அடையாளம் காட்டுவே? முகத்தையே பார்க்கலையே!”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே நின்ற தையல்கடை அக்காவுக்கு வரவில்லை. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, கடையை அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்திருந்தாள்.

“காட்டுவேன் சார். நேத்து அவன் கத்தியும் கல்லாப்பெட்டியுமா மருந்துக்கடையிலேர்ந்து வெளிய வந்தப்போ எதிர்க்கடையில நான்தான் இருந்தேன். சத்தியமா அது அங்க டெலிவரி வேலை பார்க்கிற என் தம்பி இல்லை.”

“திருடன் உன் தம்பியோட கோட்டைத்தானே போட்டிருந்தான்?”

“டெலிவரி கோட்டு சார். கடைக்குப் பின்னாடி ஆணியில தொங்கும். கடை ஆளுங்க யார் வேணும்னாலும் மாட்டிக்கலாம். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். உள்ள உட்கார வெச்சிருக்கீங்கன்னு பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு!” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடை ஆளுங்க எல்லாரையும் ஹெல்மெட்டோட நடக்க விடுங்க. நான் சொல்றேன்” என்றாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த மருந்துக்கடை முதலாளியின் மச்சான் உதட்டைப் பிதுக்கினான். கடையைப் பார்த்துக்கொள்ள போன வாரம்தான் வந்தவன். புகார் கொடுத்ததும் அவன்தான். “அக்கா தம்பியைக் காப்பாத்தப் பார்க்குது சார். வேற என்ன?”

அக்காவுக்குத் துணையாக வந்திருந்த மூளை டாக்டர் தொண்டையைக் கனைத்தார். தையல்கடைக்கு மேல் மாடியில்தான் அவர் கிளினிக்.

“அவங்க சொல்றபடி செஞ்சு பாருங்க சார்.”

“டாக்டர், நீங்களுமா? முகம் பார்க்காத சாட்சின்னு போனா வக்கீல் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவான்!”

“முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கன்னே மூளையோட அடிப்பக்கத்துல ஒரு இடம் இருக்கு. சரியான முந்திரிக்கொட்டை அது. ஆளைப் பார்த்த உடனே ‘இன்னார்’னு சொல்லிடும். மத்த பாகமெல்லாம் ‘சரிப்பா’ன்னு சும்மா இருந்துடும். அதனாலதான் ஒருத்தரோட நடை, தோள், கை வீசற விதம் எதையும் நாம சரியா கவனிக்கிறதில்லை.”

“இந்தம்மா மட்டும் கவனிப்பாங்களாக்கும்?” என்ற இன்ஸ்பெக்டரின் பார்வை இஞ்ச் டேப்பில் விழுந்தது. “ஓ! அளவெடுத்து அளவெடுத்துப் பழகின கண்ணு. சரி, அதையும்தான் பார்த்துடுவோமே.”

டாக்டர் லேசாகச் சிரித்துக்கொண்டார்.

மருந்துக்கடை ஆண்கள் எல்லாரும் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி ஹெல்மெட். “யாரையும் விடக்கூடாது, நீயும் போப்பா” என்று மச்சானையும் எழுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் பின்முற்றத்தில் ஒவ்வொருவராக நடந்தார்கள்.

“முகத்தைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொல்லட்டுமா?” கிண்டலாகத்தான் கேட்டார்.

“வேண்டாம் சார். அது எதுக்கு?”

முதல் ஆள் போனான். அக்கா இல்லையென்று தலையசைத்தாள். அடுத்தவர் போனார்.

“இவரு உங்க போலீஸ்காரரு. தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நடக்கிறாரு. பாவம், மூச்சு விடச் சொல்லுங்க.”

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார்.

“இது என் தம்பி. சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்தான். வலது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமா வைப்பான்.”

கடைசி ஆள் நடக்க ஆரம்பித்ததும் அக்கா விறைத்து நின்றாள்.

“இவன்தான்! இடது தோள் முன்னால போகுது பாருங்க. திரும்பறப்போ கட்டைவிரலை மடக்கிக் கைக்குள்ள வெச்சுக்கிறான். நேத்தும் இதே நடை, இதே கை. இவனேதான் சார்!”

ஹெல்மெட்டைப் பிடுங்கி எறிந்தான் அவன். “முதலாளி மச்சானையே திருடன்னு சொல்றியா?”

“யார் மச்சானா இருந்தா எனக்கென்ன?”

மச்சான் ரொம்பத்தான் குதித்தான். மதியம் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து கல்லாப்பெட்டியும் கத்தியும் வெளியே வந்ததும் கப்சிப் ஆகிவிட்டான்.

ஸ்டேஷனுக்குள்ளிருந்து கடை ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அக்கா வாசலிலேயே தயங்கி நின்றாள். “அக்கா!” என்று ஒரு குரல் கேட்டதும்தான் பாய்ந்து போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டருக்கு விடுமுறை. பாராட்டாமல் இருக்க மனசு கேட்கவில்லை. சாதாரணச் சட்டையில் தையல்கடைக்கு வந்து வாய் நிறையச் சிரித்தபடி நின்றார். சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்துவிட்டு டாக்டர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார், உட்காருங்க. பேண்ட்டா, சட்டையா? கடைக்குப் புதுசா வர்றீங்க போலிருக்கு?” என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. “என்னம்மா, காரியம் முடிஞ்சதும் ஆளையே தெரியலையா?”

அக்கா பதறி எழுந்தாள். “ஐயோ, நம்ம இன்ஸ்பெக்டர் சார்! குரலைக் கேட்டப்புறம்தான் தெரியுது. மன்னிச்சுக்குங்க சார்!”

“நேத்து முழுக்க என் முகத்தைப் பார்த்துத்தானே பேசினே?”

அக்கா டாக்டரைப் பார்த்தாள். “நீங்களே சொல்லிடுங்க டாக்டர்.”

டாக்டர் பேப்பரை மடித்தார். “ஒரு முந்திரிக்கொட்டையைப் பத்திச் சொன்னேனே சார், அது இவங்க மூளையில பிறந்ததுலேர்ந்தே வேலை செய்யலை.”

“உங்களுக்கெல்லாம் அன்னிக்கு ஒருத்தன்தான் சார் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்தான்” என்றாள் அக்கா ஊசியில் நூலைக் கோத்தபடி. “எனக்கு என் தம்பி உள்பட ஊரே ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் நடக்குது.”