பன்னிரண்டு பேர்

"மனுஷங்களை உருளைக்கிழங்கு மாதிரி எண்ணுறீங்களே, தம்பி," என்றார் அல்டா.

வட நெதர்லாந்தின் ஓர் ஊரில், மருந்துச் சோதனைகளுக்கு அனுமதி தரும் குழு கூடியிருந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் பக்கம் நின்று பேசுவதற்கென்றே அதில் ஓர் இடம் உண்டு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அல்டா அம்மாவுக்கு அந்த இடம்.

எதிரே, சோதனை நடத்தப்போகிறவர்களின் புள்ளியியல் நிபுணர் யெல்மர். வலிப்பு நோய்க்கான மலிவு மாத்திரை, விலை உயர்ந்த பழைய மாத்திரைக்குச் சமம்தானா என்று பார்க்க, நோயில்லாத நாற்பது பேர் வேண்டுமாம். ஆளுக்கு முப்பத்தாறு தடவை ரத்தம் எடுப்பார்களாம்.

"இருபத்தெட்டு பேர் இருந்தாலே விதி ஒத்துக்குதே?"

"ஒத்துக்கும், மேடம். ஆனா மாத்திரை நல்லதாவே இருந்தாலும், இருபத்தெட்டுன்னா பத்து ஆய்வுல ரெண்டு தேறாமப் போகும். நாற்பதுன்னா ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணுக்காகப் பன்னிரண்டு பேர் கையில ஊசி குத்தணுமா?"

குழு அல்டா பக்கம் சாய்ந்தது. யெல்மர் மறுபேச்சில்லாமல் நாற்பதை இருபத்தெட்டாகத் திருத்தினார். சரியான கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டார் அல்டா. பன்னிரண்டு பேரைக் காப்பாற்றிய நிம்மதியோடு சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தார்.

எட்டு மாதம் கழித்து அதே ஆய்வு மறுபடி குழு முன் வந்தது. தேறவில்லை. இரண்டு மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சமம்தான் என்று அடித்துச் சொல்ல ஆள் போதவில்லை.

விட்டுப்போன பன்னிரண்டு பேரை மட்டும் இப்போது சேர்க்கக் கூடாதா என்று கேட்டார் அல்டா. முடிவைப் பார்த்துவிட்டு ஆள் சேர்ப்பது ஏமாற்று வேலை, முதலிலிருந்து நாற்பது பேர் வேண்டும் என்றார் யெல்மர். இருபத்தெட்டு பேர் கொடுத்த ரத்தம் அத்தனையும் வீண்.

புதிதாக வந்திருந்த தலைவர் கடுகடுத்தார்.

"முதல்லயே ஒழுங்கா எண்ணிக்கை வச்சிருக்க வேண்டியதுதானே? யார் பண்ண வேலை இது?"

"குறைக்கச் சம்மதிச்சது நான்தான். என் தப்பு," என்றார் யெல்மர்.

அல்டா வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது; ஆனாலும் திறக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் காபி மெஷின் பக்கத்தில் யெல்மரை மறித்தார்.

"என் பேரை ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அடுத்த தடவை பேசவே பயப்படுவீங்க, மேடம். ஊசி குத்திக்க வர்றவங்களுக்காகப் பேச இங்க உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"